மரக்குடில் முகாமில் குடும்பத்தோடு முதல் வார இறுதி: புறப்படும் முன்பிருந்து வீடு திரும்பும் வரை

மின்விசிறி இருக்காது. கழிப்பறைக்குக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். மணி அடித்தால் சாப்பாடு. நான்கு பலகைச் சுவர், ஒரு கூரை, அடுக்குக் கட்டில்கள், ஜன்னலில் வலை, இவ்வளவுதான் அறை. இப்படி ஒரு பழைய பாணிக் கோடை முகாமுக்குக் குழந்தைகளோடு முதன்முறையாகக் கிளம்புகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்றுதான். அதைச் சொல்கிறேன். ஆனால் பட்டியலைவிட அதிகமாக யோசிக்க வேண்டியது முதல் இரவைப் பற்றி.

வெள்ளி சாயங்காலம் போய் ஞாயிறு மதியம் திரும்பும் பயணத்தில் இரண்டே இரவுகள். முதல் இரவு குளிரிலும் பயத்திலும் கழிந்தால், சனிக்கிழமை முழுக்கத் தூக்கம் கெட்ட குழந்தைகளைச் சமாளிப்பதிலேயே போய்விடும். முதல் இரவு எல்லோரும் நன்றாகத் தூங்கிவிட்டால், மறுநாள் மழை பெய்தாலும் பயணம் நன்றாகவே அமையும். கீழே வரும் ஏற்பாடுகளில் பாதிக்கு மேல் அந்த ஓர் இரவை மனதில் வைத்துச் சொன்னவை.

## 1. பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

படங்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தொலைபேசியில் கூப்பிட்டு, முகாமை நடத்துகிறவர்களிடம் நேராகப் பேசுங்கள். நல்ல முகாமில் இருப்பவர்கள் இந்தக் கேள்விகளுக்குச் சலிக்காமல் பதில் சொல்வார்கள். மழுப்பினால் அதுவே ஒரு தகவல்.

- கழிப்பறை குடிலிலிருந்து எவ்வளவு தூரம்? வழியில் இரவு விளக்கு உண்டா? தண்ணீர் உள்ள கழிப்பறையா, குழிக் கழிப்பறையா?
- குடிநீர் எங்கிருந்து வருகிறது? அப்படியே குடிக்கலாமா?
- கட்டிலில் மெத்தை உண்டா? போர்வை, தலையணை யார் பொறுப்பு? மேல் கட்டிலுக்குத் தடுப்பு உண்டா?
- இரவில் எவ்வளவு குளிரும்?
- சமைத்துத் தருவார்களா, நாமே சமைக்க வேண்டுமா?
- நீர்நிலையில் உயிர்காப்பாளர் எந்தெந்த நேரம் இருப்பார்? குழந்தை அளவில் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா?
- ஃபோன் சிக்னல் கிடைக்குமா? கிடைக்காவிட்டால் அவசரத்துக்கு என்ன வழி? அருகிலுள்ள மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம் ஆகும்?
- சாப்பிடும் பொருளைக் குடிலுக்குள் வைக்கலாமா?

கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். எலி, அணில் முதல் பெரிய காட்டு விலங்கு வரை எல்லாமே வாசனையைப் பிடித்துத்தான் வருகின்றன. சில முகாம்களில் பிஸ்கட், பற்பசை, குழந்தையின் இனிப்பு மருந்து உட்பட வாசனையுள்ள எல்லாவற்றையும் ஒரு பூட்டிய பெட்டியிலோ வண்டியிலோ வைக்கச் சொல்வார்கள். அந்த விதி இருந்தால் ஒரு மிட்டாய் உறைகூடப் படுக்கையருகே இருக்கக் கூடாது.

குளிரைப் பற்றி ஒரு கணக்கு. ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். முகாம் மலையில் இருந்தால், உங்கள் ஊர்க் கோடையை வைத்து அதன் இரவைக் கணிக்க முடியாது. மேகமில்லாத இரவுகளில் தரை வேகமாகக் குளிர்ந்துவிடும்.

குடிநீர் சந்தேகமாக இருந்தால் கொதிக்கவைப்பதுதான் நம்பகமான வழி. கொப்பளித்துக் கொதிக்கத் தொடங்கிய பிறகு 1 நிமிடம் போதும். 2000 மீட்டருக்கு மேல் உள்ள இடமென்றால் 3 நிமிடம். கலங்கிய நீரை முதலில் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள்.

உணவு ஒவ்வாமை உள்ள குழந்தை இருந்தால், பதிவு செய்யும்போது படிவத்தில் எழுதியது போதாது. போனதும் சமையல்கூடத்துக்கே போய், சமைக்கிறவரிடம் குழந்தையை நேரில் காட்டிச் சொல்லிவிடுங்கள்.

## 2. ஒரு வாரம் முன்பு வீட்டில் ஓர் ஒத்திகை

நகரத்துக் குழந்தைகள் பலர் முழு இருட்டைப் பார்த்ததே இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஏதாவது ஒரு தெருவிளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அதனால் ஒரு மாலை வீட்டில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு டார்ச் வெளிச்சத்தில் சாப்பிடுங்கள், பல் தேயுங்கள், கழிப்பறைக்குப் போய் வாருங்கள். முகாமுக்குக் கொண்டுபோகப் போகும் தூக்கப்பையில் அன்றிரவு தரையில் படுக்கட்டும். ஜிப் எந்தப் பக்கம் திறக்கிறது, உள்ளே எப்படித் திரும்பிப் படுப்பது என்பதெல்லாம் வீட்டிலேயே தெரிந்துவிட்டால், நடுராத்திரி இருட்டில் அழுகை வராது.

இன்னொன்று, இருப்பதை இருப்பதாகச் சொல்லிவிடுங்கள். குழிக் கழிப்பறை நாற்றமடிக்கும், பூச்சி வரும், இரவில் ஆந்தையும் தவளையும் கத்தும், ஃபோனில் படம் பார்க்க முடியாது. முன்கூட்டியே தெரிந்த அசௌகரியத்தைப் பிள்ளைகள் ஆச்சரியப்படும் அளவுக்குத் தாங்கிக்கொள்வார்கள். "ரொம்ப ஜாலியாக இருக்கும்" என்று மட்டும் சொல்லிக் கூட்டிப்போனால் முதல் கொசுக்கடியிலேயே நம்பிக்கை போய்விடும்.

## 3. மூட்டை கட்டுதல்

தூக்கம், வெளிச்சம், காய்ந்த உடை, கால். இந்த நான்குக்கும் வேண்டியதை முதலில் எடுத்து வையுங்கள். மற்றவை இடம் இருந்தால் பார்க்கலாம்.

தூக்கம். தூக்கப்பையில் இரண்டு மூன்று வெப்பநிலைகள் அச்சிட்டிருப்பார்கள். அவற்றில் மிகக் குறைந்த எண் பெரும்பாலும் உயிர் பிழைக்கும் எல்லை; நன்றாகத் தூங்குவதற்கான எண் அல்ல. வசதியாகத் தூங்கலாம் என்று குறிப்பிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். அது முகாமின் இரவுக் குளிரைவிடச் சில டிகிரி குறைவாக இருந்தால் நல்லது. இந்த அளவுகள் பெரியவர்களுக்காக வகுத்தவை. குழந்தைக்குக் கூடுதலாக ஒரு போர்வை வேண்டும். அடியில் விரிப்பதை மறந்துவிடாதீர்கள். உடல் எடையில் தூக்கப்பையின் அடிப்பக்கம் நசுங்கிக் கதகதப்பை இழந்துவிடும் என்பதால், மெல்லிய மெத்தையோ வெறும் பலகையோ என்றால் குளிர் கீழிருந்துதான் ஏறும். ஒரு ஃபோம் விரிப்போ மடித்த கனமான போர்வையோ போதும்.

ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தூக்கப்பையும் தளர்ந்த போர்வையும் கூடாது, மூக்கை மூடிவிடும். தட்டையான தனிப் படுக்கையும், உடம்போடு பொருந்திய கதகதப்பான உடையும்தான் பாதுகாப்பு. வீட்டில் தினமும் கட்டிப்பிடித்துத் தூங்கும் பொம்மையோ துணியோ இருந்தால் பிள்ளைகள் கட்டாயம் எடுத்து வரட்டும். பெரிய பிள்ளை கூச்சப்பட்டால் தலையணை உறைக்குள் மறைத்து வைத்துக் கொடுங்கள்.

வெளிச்சம். ஆளுக்கொரு டார்ச். வீட்டுக்கொன்று போதும் என்று நினைக்க வேண்டாம். இருட்டில் தன் கையில் ஒரு விளக்கு இருப்பது குழந்தைக்குப் பெரிய தைரியம். தலையில் மாட்டும் டார்ச் என்றால் கழிப்பறையில் இரண்டு கையும் காலியாக இருக்கும். சிவப்பு ஒளி உள்ளதாகக் கிடைத்தால் அதையே வாங்குங்கள், காரணம் பின்னால் வரும். மாற்று பேட்டரியை ஒரே பையில் போட்டு, அது எங்கே இருக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்.

உடை. பருத்தி நனைந்தால் சீக்கிரம் காயாது, ஈரமாக உடம்பில் ஒட்டிக் குளிரவைக்கும். பகலுக்கு அது சரி. இரவுக்கும் மழைக்கும் கம்பளியோ பாலியஸ்டரோ வேண்டும். ஆளுக்கொரு "இரவு ஜோடி" தனியாகக் கட்டி வையுங்கள்: முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை, காலுறை. இதைப் பகலில் தொடவே கூடாது. பகலெல்லாம் எது நனைந்தாலும் படுக்கும்போது காய்ந்த உடை இருக்கிறது என்பது உறுதியாகிவிடும். மழைக்கோட்டு, வெயிலுக்குத் தொப்பி, குழந்தைகளுக்கு நீங்கள் நினைப்பதைவிட இரண்டு ஜோடி அதிகக் காலுறை.

கால். பழகிய மூடுகாலணி, கூடவே ஒரு செருப்பு. புதுக் காலணியை முகாமில் பழக்கப்படுத்த வேண்டாம். கொப்புளம் வந்த குழந்தை எங்கும் நடக்காது.

மருந்துப் பை. வழக்கமான மருந்துகள், குழந்தைக்கேற்ற காய்ச்சல் மருந்தும் அதன் அளவுக் கருவியும், வாய்வழி நீரேற்றுக் கரைசல் பொட்டலங்கள், கட்டுத்துணி, ஒட்டுப்பட்டை, நுனி மெலிந்த இடுக்கி, ஆளுக்கொரு விசில். ஆஸ்துமா பம்ப், ஒவ்வாமை ஊசி போன்றவை குடிலில் கிடக்கக் கூடாது. அந்தப் பிள்ளை எங்கே போனாலும் கூடவே போக வேண்டும்.

பெரிய பொம்மைகள், ஸ்பீக்கர், ஆளுக்கொரு டேப்லெட் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். ஒரு சீட்டுக்கட்டு, கொஞ்சம் வெள்ளைத்தாள், பென்சில், ஒரு கயிறு. மழை நாளையும் இதைக்கொண்டு ஓட்டிவிடலாம். ஃபோனை விமானப் பயன்முறையில் வையுங்கள்; சிக்னல் தேடித் தேடியே பேட்டரி தீர்ந்துவிடும். போகும் வழியின் வரைபடத்தைக் கிளம்பும் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

## 4. வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள்

இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். சூரியன் மறைய இரண்டு மணி நேரமாவது இருக்கும்போது முகாமுக்குள் நுழைய வேண்டும். அரை நாள் விடுப்பு எடுக்க வேண்டியிருந்தாலும் எடுங்கள். முடியவே முடியாது என்றால் சனிக்கிழமை காலையில் போங்கள். ஓர் இரவு குறைவதைவிட, இருட்டில் இறங்கி அறிமுகமில்லாத இடத்தில் படுக்கை தேடுவது மோசம்.

போனதும் பிள்ளைகள் தண்ணீரைப் பார்த்து ஓடத்தான் பார்ப்பார்கள். அதற்கு முன் மூன்று வேலைகளை இதே வரிசையில் முடித்துவிடுங்கள்.

முதலில் படுக்கை. கட்டில்களை ஆட்டிப் பாருங்கள், மெத்தையைத் தூக்கிப் பாருங்கள், ஜன்னல் வலையில் ஓட்டை இருந்தால் ஒட்டுநாடா ஒட்டுங்கள். யார் எங்கே என்று முடிவு செய்து, விரித்து, தலையணை வைத்து, டார்ச்சைத் தலைமாட்டில் வைத்துவிடுங்கள். 6 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு மேல் கட்டில் வேண்டாம், எவ்வளவு கெஞ்சினாலும். சின்னக் குழந்தையின் கட்டில், கதவுக்கும் அதற்கும் நடுவே ஒரு பெரியவர் படுக்கும்படி அமையட்டும்.

அடுத்து கழிப்பறை வழி. குடும்பமாக ஒருமுறை நடந்து போய் வாருங்கள். திரும்பி வரும்போது குழந்தை முன்னால் நடந்து வழிகாட்டட்டும். எங்கே வேர் துருத்திக்கொண்டிருக்கிறது, எங்கே படி, எந்த மரத்தடியில் திரும்ப வேண்டும் என்று அவர்களே சொல்லட்டும். இருட்டிய பிறகு டார்ச்சோடு இன்னொரு முறை. பகலில் தன் காலால் நடந்த வழி இரவில் அவ்வளவு பயமுறுத்தாது. அங்கே சோப்பும் தண்ணீரும் இருக்கிறதா என்று அப்போதே பாருங்கள். முகாம்களில் வயிற்றுப்போக்கைப் பரப்பும் நோரோவைரஸ் கை சுத்திகரிப்புத் திரவத்துக்கு அவ்வளவாக அடங்காது; 20 விநாடி சோப்புப் போட்டுக் கழுவுவதுதான் சரி.

மூன்றாவது, எல்லைகள். பெரியவர் இல்லாமல் இந்த மரத்தைத் தாண்டக் கூடாது, தண்ணீர்ப் பக்கம் போகவே கூடாது. வழி தவறினால் அங்கேயே ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று மூன்று முறை விசில் அடிக்க வேண்டும். ஒருமுறை அடித்துக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் ஓடட்டும்.

## 5. முதல் இரவு

இரவுச் சாப்பாட்டில் புதுமை எதுவும் வேண்டாம். குழந்தைக்குப் பழகிய உணவு ஏதாவது கொஞ்சம் கையில் இருந்தால், முகாம் சாப்பாடு பிடிக்காவிட்டாலும் வயிறு காயாது. பசியோடு படுத்தால் குளிரும் அதிகம் தெரியும்.

படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு, எல்லோரையும் குடிலுக்கு வெளியே உட்காரவைத்து விளக்குகளை அணைத்துவிடுங்கள். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமே தெரியாது, பிள்ளைகள் உங்கள் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். பிறகு மரங்களின் விளிம்பு தெரியும், பாதை தெரியும், வானம் மெல்ல மெல்ல நிறையும். நிலவில்லாத கோடை இரவில், நகர வெளிச்சம் எட்டாத இடத்தில், பால்வீதி கண்ணுக்கே தெரியும். இதற்குள் யாராவது வெள்ளை டார்ச்சை ஒருமுறை அடித்தால் பழகியது அத்தனையும் போய்விடும், மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். சிவப்பு ஒளி கண்ணை அந்த அளவுக்குக் கெடுக்காது. அதைத் தேடி வாங்கச் சொன்னது இதற்குத்தான். வானம் பார்ப்பது ஒருபுறம் இருக்க, இருட்டு என்பது ஒன்றும் தெரியாத நிலையல்ல, காத்திருந்தால் தெரியும் நிலை என்பதைக் குழந்தை தன் கண்ணாலேயே தெரிந்துகொள்ளும். இருட்டுப் பயத்துக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

சத்தங்களையும் அப்போதே பெயர் சொல்லிப் பிரித்துவிடுங்கள். இது சில்வண்டு, அது தவளை, கூரையில் விழுவது காய், பலகை கிறீச்சிடுவது மரம் குளிரில் சுருங்குவதால். பெயர் தெரிந்த சத்தம் பயமுறுத்தாது.

படுக்கும் முன் வரிசை: கழிப்பறை, கை கால் கழுவித் துடைத்தல், இரவு ஜோடிக்கு மாறுதல், படுக்கை. பகலில் போட்டிருந்த உடையில் வியர்வை ஈரம் இருக்கும், அதோடு தூக்கப்பைக்குள் போனால் விடியற்காலையில் நடுங்க வேண்டியதுதான். குளிருகிறது என்றால் மூடியை இறுக்கிய வெந்நீர்ப் புட்டியைக் காலுறைக்குள் போட்டுக் கால்மாட்டில் வையுங்கள். தலையைத் தூக்கப்பைக்குள் இழுத்துக்கொள்ள வேண்டாம். மூச்சின் ஈரம் உள்ளே தங்கிப் பின்னர் குளிரும். காதை மூடும் தொப்பி போதும்.

குளிர் எவ்வளவு இருந்தாலும் கரி அடுப்பு, கேஸ் அடுப்பு, கேஸ் விளக்கு எதையும் குடிலுக்குள் கொண்டுவந்து எரிக்கக் கூடாது. அவை எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனையோ நிறமோ கிடையாது. தூங்குகிறவர்கள் எழுந்திருக்காமலேயே போய்விடுவார்கள்.

நடுராத்திரியில் குழந்தை எழுப்பினால் சலித்துக்கொள்ளாமல் கூடப் போங்கள். காலணியைத் தலைகீழாக உதறிவிட்டுத்தான் போட வேண்டும், தேளோ பூச்சியோ உள்ளே ஏறியிருக்கலாம். வெறுங்காலோடு வேண்டாம், டார்ச்சைத் தரையில் அடித்தபடி நடங்கள். சின்னக் குழந்தைக்கு மூடியுள்ள ஒரு வாளியைக் குடிலிலேயே வைத்துவிடுவது உத்தமம்.

"வீட்டுக்குப் போகணும்" என்ற அழுகை முதல் இரவில் வரலாம். அதை அடக்கவும் வேண்டாம், உடனே வண்டியைக் கிளப்பவும் வேண்டாம். அருகில் படுத்து, வீட்டில் சொல்லும் அதே கதையை அதே குரலில் சொல்லுங்கள். காலையில் பேசலாம் என்று சொல்லிவிட்டு, காலையில் உண்மையிலேயே பேசுங்கள். பெரும்பாலும் வெளிச்சம் வந்ததும் மனம் மாறிவிடும்.

உடம்பும் உங்களுக்கு உதவி செய்யும். கொலராடோ பல்கலைக்கழகத்தின் கென்னத் ரைட் குழு 2013-ல் வெளியிட்ட ஆய்வில், மின்வெளிச்சமே இல்லாமல் ஒரு வாரம் முகாமில் இருந்தவர்களின் உடல் கடிகாரம் சுமார் இரண்டு மணி நேரம் முன்னே நகர்ந்திருந்தது. 2017-ல் அதே குழு, ஒரு வார இறுதியே அதில் பெரும்பகுதியைச் செய்துவிடுகிறது என்று கண்டது. அதனால் சீக்கிரம் கண் சொக்கினால் படுக்கவிடுங்கள், விடியலில் எழுந்தால் எழவிடுங்கள்.

## 6. சனிக்கிழமைக்கு இரண்டே திட்டம்

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நடுவில் வெறும் நேரம். இதற்கு மேல் நிரல் போடாதீர்கள். 1861-ல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஃபிரெடரிக் கன், அபிகேல் கன் தம்பதி தங்கள் பள்ளிப் பிள்ளைகளைக் கடலோரம்வரை நடத்திக் கூட்டிப்போய்க் கூடாரத்தில் தங்கவைத்ததைத்தான் கோடை முகாமின் தொடக்கமாகப் பலரும் சொல்வார்கள். நடப்பது, படகு, மீன்பிடிப்பு என்று அன்று அவர்கள் செய்தவையே இன்றும் ஒரு நாளுக்குத் தாராளம். மதியம் ஒரு மணி நேரம் எல்லோரும் கட்டிலில் படுத்தே ஆக வேண்டும், தூங்காவிட்டாலும் பரவாயில்லை. "போரடிக்குது" என்று பிள்ளைகள் சொன்னால் கொஞ்சம் பொறுங்கள். கால் மணி நேரத்தில் குச்சியும் கல்லும் கையில் இருக்கும்.

சின்னப் பிள்ளைகளோடு நடக்கப் போனால், அவர்கள் போகும் வேகம்தான் வேகம். போகும் தூரத்தைக் கணக்கிடும்போது, திரும்பி வரும் பாதி அவர்கள் களைத்த பிறகு வருவது என்பதை மறக்க வேண்டாம்.

## 7. தண்ணீர்

முகாமில் உண்மையான ஆபத்து காட்டு விலங்கு அல்ல, தண்ணீர். இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன்.

மூழ்குகிற குழந்தை கத்தாது, கையை ஆட்டிக் கூப்பிடாது. மூச்சுக்கே வழியில்லாதபோது குரல் எங்கிருந்து வரும்? வாய் நீர்மட்டத்துக்கு மேலும் கீழுமாகப் போய்வர, தலை பின்னால் சாய, சத்தமில்லாமல் ஒரு நிமிடத்துக்குள் உள்ளே போய்விடலாம். பக்கத்திலேயே பத்துப் பேர் பேசிக்கொண்டு நின்றாலும் இது நடக்கும். எல்லோரும் இருக்கிறார்கள் என்பதாலேயே யாரும் பார்ப்பதில்லை.

ஆகவே எப்போதும் ஒருவர் "காவல்". அவர் கழுத்தில் ஒரு விசிலோ கையில் ஒரு பட்டையோ இருக்கட்டும். அதை வைத்திருப்பவர் ஃபோன் எடுக்கக் கூடாது, புத்தகம் படிக்கக் கூடாது, அரட்டை கூடாது. கால் மணி நேரத்துக்கொருமுறை அடுத்தவர் கையில் கொடுத்து, "இப்போது நீ பார்" என்று வாய்விட்டுச் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். உயிர்காப்பாளர் இருந்தாலும் இதைச் செய்யுங்கள். நீந்தத் தெரியாத குழந்தை கையெட்டும் தூரத்தில்தான் இருக்க வேண்டும்.

காற்றடைத்த கைப்பட்டையும் மிதவை வளையமும் விளையாட்டுச் சாமான்கள், பாதுகாப்பு அல்ல. குழந்தையின் எடைக்குப் பொருந்திய லைஃப் ஜாக்கெட்தான் பாதுகாப்பு. போட்டுப் பட்டைகளை இறுக்கியதும் தோள் பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். முகவாய்க்கும் காதுக்கும் ஏறினால் அது பெரிது. படகில் ஏறும் பெரியவர்களும் போட்டுக்கொள்ள வேண்டும். நீங்கள் போடாததை எந்தப் பிள்ளையும் முழு மனதோடு போடாது.

நீச்சல் குளத்தில் நன்றாக நீந்துகிறவர் ஏரியிலும் அப்படியே நீந்துவார் என்று நினைக்க வேண்டாம். அடி தெரியாது, சட்டென்று பள்ளம் வரும், பாசியில் கால் சிக்கும். வெயில் கொளுத்தும் நாளிலும் நீர் சில்லென்று இருக்கலாம். 15 டிகிரிக்குக் கீழ் உள்ள நீரில் திடீரென விழுந்தால் உடம்பு தன்னையறியாமல் மூச்சை இழுக்கும், முதல் இரண்டு மூன்று நிமிடம் மூச்சு கட்டுக்குள் இருக்காது. மெல்ல நடந்து இறங்க வேண்டும். தலைகீழாகப் பாய்வது கூடவே கூடாது.

இடி கேட்டால் உடனே எல்லோரும் கரைக்கு. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே உள்ள விநாடிகளை 3-ஆல் வகுத்தால் எத்தனை கிலோமீட்டர் தொலைவு என்று தெரியும். ஆனால் அந்தக் கணக்கைக் கரையேறி, உறுதியான கட்டடத்துக்குள் போன பிறகு பிள்ளைகளோடு போடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருந்துதான் மறுபடி இறங்க வேண்டும்.

ஏரியில் சோப்பு, ஷாம்பு போட்டுக் குளிக்க வேண்டாம், இயற்கையாக மக்கும் என்று எழுதியிருந்தாலும். வாளியில் மொண்டு, கரையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி வைத்துக் குளியுங்கள்.

## 8. நெருப்பைச் சுற்றி

முகாம் அனுமதிக்கும் நெருப்புக் குழியில் மட்டும் மூட்டுங்கள். மூட்டும் முன்பே ஒரு வாளித் தண்ணீரும் ஒரு மண்வெட்டியும் பக்கத்தில் இருக்க வேண்டும். குழியைச் சுற்றி ஒரு மீட்டர் தள்ளித் தரையில் கோடு கிழித்துவிடுங்கள். அந்தக் கோட்டுக்குள் ஓட்டமும் விளையாட்டும் இல்லை. நைலான், பாலியஸ்டர் உடை தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும், அதனால் இங்கே மட்டும் பருத்தியோ கம்பளியோ நல்லது. கை சுட்டுக்கொண்டால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் பிடியுங்கள். ஐஸ், வெண்ணெய், பற்பசை எதுவும் வேண்டாம்.

அணைப்பதுதான் பலர் அரைகுறையாக விடுவது. தண்ணீர் ஊற்றுங்கள், கிளறுங்கள், மறுபடி ஊற்றுங்கள். புறங்கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு இல்லை என்று உறுதியாகும்வரை இதைச் செய்ய வேண்டும். மணலைப் போட்டு மூடிவிட்டுப் போகக் கூடாது. மணலுக்கடியில் கனல் மறுநாள் காலைவரை உயிரோடு இருக்கும், மேலே ஒன்றும் தெரியாது. விடியலில் வெறுங்காலோடு ஓடிவரும் குழந்தை மிதிப்பது அதைத்தான்.

## 9. கொசு, உண்ணி, பாம்பு

முதலில் வெயில் களிம்பு, அது காய்ந்த பிறகு கொசு விரட்டி. இந்த வரிசை மாறக் கூடாது. டீட் என்ற மருந்து உள்ள விரட்டியில் 10 சதவீதம் சுமார் 2 மணி நேரமும் 30 சதவீதம் சுமார் 5 மணி நேரமும் காக்கும். குழந்தைகளுக்கு 30-க்கு மேல் வேண்டாம், 2 மாதம் நிறையாத குழந்தைக்கு அறவே கூடாது. எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய் உள்ளவை 3 வயதுக்கு மேல்தான். உங்கள் கையில் ஊற்றி நீங்களே பூசிவிடுங்கள். குழந்தையின் உள்ளங்கை, கண், வாய் அருகே வேண்டாம். படுக்கும் முன் சோப்புப் போட்டுக் கழுவிவிடலாம்.

புல்லில் நடந்து வந்தால் உண்ணி தேடுவது அன்றைய கடமை. காதின் பின்புறம், முடி ஓரம், அக்குள், தொப்புள், இடுப்பு, தொடையிடுக்கு, முழங்கால் மடிப்பு. கடித்துக்கொண்டிருந்தால் மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேராக மெதுவாக இழுங்கள். தீக்குச்சியால் சுடுவதும் எண்ணெய் ஊற்றுவதும் பழைய பழக்கங்கள்; உண்ணியின் எச்சில் உடம்புக்குள் போக அவையே வழிசெய்யும்.

பாம்பு கடித்தால் கட்டவும் கீறவும் உறிஞ்சவும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, மோதிரம் கொலுசு போன்றவற்றைக் கழற்றி, மருத்துவமனைக்கு உடனே கிளம்புங்கள். பாம்பைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

## 10. எப்போது பாதியில் திரும்ப வேண்டும்

குறையாத காய்ச்சல், தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, மூச்சுத் திணறல், தலையில் பலமான அடி என்றால் யோசிக்காமல் கிளம்புங்கள். இரண்டாவது நாள் மாலையும் குழந்தை சாப்பிடாமல், விளையாடாமல், அழுதுகொண்டே இருந்தால் அதுவும் போதுமான காரணம். கட்டிய பணத்துக்காகப் பிடித்து வைக்க வேண்டாம். ஒரு நாள் நல்லபடியாக இருந்துவிட்டுத் திரும்பிய பிள்ளை அடுத்த வருடம் தானாகவே வரும்.

## 11. ஞாயிறும் வீட்டு வேலையும்

காலைச் சாப்பாட்டுக்கு முன்பே மூட்டைகளை முக்கால்வாசி கட்டிவிட்டால், கடைசி இரண்டு மணி நேரம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும். ஈரத் துணிகள் தனிப் பையில். குடிலைப் பெருக்குவது, குப்பையை எடுப்பது எல்லாவற்றிலும் அவர்களுக்கும் பங்கு கொடுங்கள். கட்டிலின் அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். காலுறைகள் அங்கேதான் இருக்கும்.

வீட்டுக்கு வந்த அன்றே செய்ய வேண்டியவை சில. தூக்கப்பைகளை ஒரு நாள் விரித்துக் காயவிட்டு, அழுத்திச் சுருட்டாமல் பெரிய துணிப்பையில் தளர்வாக வையுங்கள். இறுக்கி வைத்தால் உள்ளிருக்கும் பஞ்சு நாளடைவில் கதகதப்பை இழந்துவிடும். டார்ச்சிலிருந்து பேட்டரியைக் கழற்றுங்கள். எல்லோரும் குளித்து, இன்னொரு முறை உண்ணி பாருங்கள். உண்ணி கடித்திருந்தால் தேதியைக் குறித்து வையுங்கள். அடுத்த 30 நாளில் காய்ச்சலோ தோலில் தடிப்போ வந்தால், எந்த முகாமுக்கு எப்போது போனீர்கள் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.